ஹைசன்பர்க்கை மறித்த போலீஸ்காரர்

வணக்கம் நேயர்களே. இயற்பியல்காரர்கள் நாலு பேர் கூடினால் இந்த ஜோக் வராமல் போகாது. ஒரு பொருள் இருக்கும் இடம், அதன் வேகம் இரண்டையும் ஒருசேரத் துல்லியமாக அறிய முடியாது என்று விதி சொன்ன ஜெர்மன் இயற்பியல்காரர் ஹைசன்பர்க் காரில் பறக்கிறார். போலீஸ்காரர் மறித்து, "என்ன வேகத்தில் வந்தீர்கள், தெரியுமா?" என்கிறார். "தெரியாது சார். ஆனால் எங்கே இருக்கிறேன் என்று மட்டும் துல்லியமாகத் தெரியும்." "நீங்கள் வந்தது 140 கிலோமீட்டர் வேகம்!" "போச்சு! இப்போது எங்கே இருக்கிறேன் என்பதும் தெரியாது."

நானும் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், இன்னும் சிரிப்பு வருகிறது. ஆனால் போலீஸ்காரர் கணக்குத் தெரிந்தவராக இருந்தால் அபராதம் நிச்சயம். ஆயிரம் கிலோ கார் எங்கே நிற்கிறது என்று ஒரு மில்லிமீட்டர் சுத்தமாகத் தெரிந்தாலும், ஹைசன்பர்க் விதி வேகத்தில் கட்டாயமாக்கும் தடுமாற்றம் எவ்வளவு? விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று எழுதினால், புள்ளிக்குப் பிறகு 34 சுழி, அப்புறம்தான் ஒரு 5. அதுவே அணு அளவு இடத்தில் அடைபட்ட எலக்ட்ரான் என்றால், விநாடிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல்! அந்த ஜோக் எலக்ட்ரானுக்குத்தான் பொருந்தும். என்ன, அதற்கு ஓட்டுநர் உரிமம் கிடையாது.

ஜோக்கை விடச் சுவையானது நிஜக் கதை. 1923, மியூனிக். ஹைசன்பர்க்குக்கு 21 வயது, முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. சோதனை இயற்பியல் பேராசிரியர் வில்ஹெல்ம் வீன் கேட்கிறார்: நுண்ணோக்கியின் பிரித்தறியும் திறன், அதாவது எவ்வளவு நெருங்கிய இரு புள்ளிகளை அது தனித்தனியே காட்டும்? பதில் இல்லை. சரி, பாட்டரி எப்படி வேலை செய்கிறது? அதற்கும் இல்லை! வீன் பெயிலாக்கவே பார்த்தார். வழிகாட்டி சோமர்ஃபெல்ட் இருந்ததால் சுமாரான தரத்தில் பிழைத்தார். அன்றிரவே ரயிலேறி, காலையில் கோட்டிங்கனில் மாக்ஸ் பார்ன் முன்னால் போய் நின்று, இன்னும் என்னை வேலைக்கு வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டார். என்னென்ன கேள்வி என்று பார்ன் விசாரித்துவிட்டு, வைத்துக்கொண்டார்.

நாலு வருஷம் கழித்து, 1927இல், ஜோக்கில் வரும் அந்த விதி, அதாவது நிச்சயமின்மைக் கோட்பாடு. அதை விளக்க அவர் எடுத்துக்கொண்டது எது? காமா கதிர் நுண்ணோக்கி! எலக்ட்ரான் மேல் காமா கதிரைப் பாய்ச்சிப் பார்க்கும் ஒரு கற்பனைக் கருவி. சும்மா இருந்த சனி மறுபடி வந்து தோளில் உட்கார்ந்தது. லென்ஸின் அகலத்தைக் கணக்கில் சேர்க்கவில்லையே என்று டென்மார்க் இயற்பியல்காரர் நீல்ஸ் போர் பிடித்துக்கொண்டார். வாக்குவாதம் முற்றி ஹைசன்பர்க் அழும் நிலைக்கே போய்விட்டார். கடைசியில் கட்டுரைக்குப் பின்குறிப்பு எழுதிச் சேர்த்தார்.

இந்த நுண்ணோக்கியால்தான், 'பார்க்கிறேன் பேர்வழி என்று நாம் எலக்ட்ரானை இடித்துவிடுகிறோம், அதனால்தான் நிச்சயமில்லை' என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அதே ஆண்டு கென்னார்ட் என்ற அமெரிக்க இயற்பியல்காரர் நிறுவிய சமன்பாட்டில் இடிப்பவரும் இல்லை, இடிபடுவதும் இல்லை. ஒரே மாதிரி தயார் செய்த எலக்ட்ரான்களில் பாதியில் இடத்தை அளந்து பாருங்கள், மீதியில் உந்தத்தை, அதாவது நிறையை வேகத்தால் பெருக்கியதை, அளந்து பாருங்கள். எதையும் இரண்டு முறை தொடவில்லை. ஆனாலும் கிடைக்கும் விடைகளின் சிதறல் இரண்டையும் ஒருசேர இஷ்டத்துக்குச் சுருக்க முடியாது. திரும்பவும் சொல்கிறேன்: இடிப்பதால் வந்த வினை இல்லை, எலக்ட்ரானின் குணமே அது. அளக்கும்போது தொந்தரவு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு வேறு கணக்கு. ஜப்பானின் ஓசாவா 2003இல் அதைத் தனியாக எழுதினார்.

நேரம் முடிந்தது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். ஈர்ப்பலை, அதாவது விண்வெளியில் பரவிவரும் ஈர்ப்பின் மெல்லிய அதிர்வு, அதைப் பிடிக்கும் லைகோ கருவியைத்தான் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். 4 கிலோமீட்டர் நீளக் கைகள், 40 கிலோ கண்ணாடிகள். ஒளியின் நிச்சயமின்மையை ஒரு பக்கம் அமுக்கி, நமக்கு வேண்டாத பக்கம் பிதுங்க விட்டு, 2019 முதல் இன்னும் தொலைவிலிருந்து வரும் அலைகளையும் பிடிக்கிறார்கள். பெட்டிக்குள் உயிரோடும் செத்தும் இருப்பதாகப் பேசப்படும் ஷ்ரோடிங்கரின் கற்பனைப் பூனைக்கு இன்று நேரமே இல்லை. பெட்டியிலேயே இருக்கட்டும். வணக்கம்.