பக்கத்து வீடு என்ற முறை

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். நட்பைப் பற்றிப் பேச வாருங்கள் என்று அழைத்தார்கள். நட்பு என்றதும் நம் வாயில் முதலில் வருவது கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும்தான். சோழன் உறையூரில் இருந்தான், புலவர் பாண்டிய நாட்டில் இருந்தார். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. சோழன் உண்ணாமல் உயிர்விடத் துணிந்து வடக்கிருந்த இடத்துக்கு அந்தப் புலவர் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தார். பெரிய நட்பு, மறுக்க முடியாது. ஆனால் எனக்கு வாய்த்தது வேறு மாதிரி. தினமும் முகம் பார்த்து, தினமும் குரல் கேட்டு, ஒரே குழாயடியில் குடம் வைத்து வளர்ந்தது அது. அதைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

சேலம் அம்மாபேட்டையில் நாங்கள் பிறந்த தெருவில் வீட்டுக்கு வீடு குழித்தறி. எங்கள் வீட்டுக்கும் என் சிநேகிதி வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் அவள் அப்பா தறியில் இறங்கினால் இந்தப் பக்கம் எங்கள் அடுக்களையில் தட்டு அதிரும். சேலத்து நெசவாளிகளில் தமிழ் பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள், கன்னடம், சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள் எல்லோரும் உண்டு. அவள் வீட்டில் சௌராஷ்டிரம், எங்கள் வீட்டில் தமிழ். அவர்கள் பேச்சு எந்த வயதில் எனக்குப் புரிய ஆரம்பித்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் அம்மா எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைத்துத் திட்டுவார். எனக்காகத் தனியாகத் தமிழில் திட்டியதில்லை.

தறி வேலையை ஒரு குடும்பம் தனியாகச் செய்துவிட முடியாது. இது பலருக்குத் தெரியாது. தறியில் உட்கார்ந்து நெய்வது ஒருவர்தான், ஆனால் அதற்கு முன்னால் பாவு, அதாவது துணியின் நீளவாட்டு இழைகளை, நீட்ட வேண்டும். சேலத்தில் நெசவாளர் பேட்டைகளில் பாவடி என்று இடம் விட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் தெருவிலேயே நீட்டுவார்கள். விடியற்காலையில் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, அறுந்த இழையை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். அக்கம்பக்கத்து ஆட்கள் கைகொடுக்காமல் அது நடக்காது. இன்றைக்கு உன் பாவு, நாளைக்கு என் பாவு. கூலிக்கணக்கு கிடையாது. சின்ன விரலுக்கு இழை நன்றாக அகப்படும் என்று பிள்ளைகளையும் எழுப்பிவிடுவார்கள். கண்ணைத் தேய்த்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் பாவுக்கு ஆளுக்கொரு பக்கம் நிற்போம்.

அப்புறம் புணைப்பு. தறியில் முடியப்போகிற பழைய பாவின் இழை நுனியையும் புதுப் பாவின் இழை நுனியையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கிவிட வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று மாறிப்போனாலும் துணியில் தெரியும், அதனால் கண்ணை எடுக்க முடியாது. எங்களுடைய முக்கியமான பேச்செல்லாம் இந்தப் புணைப்பில்தான் நடந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை இழையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடலாம். அவள் அப்பாவுக்கு, நூல் கொடுத்து நெய்யச் சொல்கிற மேஸ்திரியிடம் கடன் ஏறிக்கொண்டே போவதை அப்படித்தான் சொன்னாள். எட்டாம் வகுப்போடு தன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப் போகிறார்கள் என்பதையும் அப்படித்தான் சொன்னாள். நான் பதில் பேசவில்லை. அவளும் பதிலை எதிர்பார்க்கவில்லை. விரல் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் தறியில் உட்கார்ந்தாள், நான் படித்தேன், ஆசிரியர் ஆனேன். என்னைக் கட்டிக்கொடுத்தது ஈரோட்டில். அவளுக்கு வாய்த்தது நாலு வீடு தள்ளி. அவள் நெய்தது வெண்பட்டு வேட்டி. புவிசார் குறியீடு வாங்கிய சேலத்து வெண்பட்டு என்று பேர் சொல்லி விற்கிறார்களே, அந்த வேட்டி.

கல்யாணத்துக்குப் பிறகு எங்களைச் சேர்த்து வைத்தது ஆடி மாதம். சேலத்துக்காரர்களுக்கு ஆடி என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. கோட்டை மாரியம்மனுக்கும் ஒவ்வொரு பேட்டை மாரியம்மனுக்கும் பூச்சாட்டி, கம்பம் நட்டு, சக்தி அழைத்து, பொங்கல் வைத்து, கடைசியில் வண்டி வேடிக்கை. சாமி வேஷம் கட்டிய ஆட்களோடு அலங்கார வண்டிகள் வரும்போது தெருவே விழித்திருக்கும். கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லாம் பிறந்த வீட்டுக்கு வருகிற சமயம் அது. வண்டி பார்த்துவிட்டு, ஆளுக்கொரு தட்டுவடை செட்டை வாங்கிக்கொண்டு, பீட்ரூட்டும் சட்னியும் வழிய வழிய, திண்ணையில் ஒரு வருஷத்துக் கதையைப் பேசித் தீர்ப்போம். கடிதம் எழுதிக்கொண்டதில்லை. அவளுக்கு அது பிடிக்காது, அடுத்த ஆடிக்குச் சொல்கிறேன் என்பாள்.

என் அம்மா இறந்தபோது நான் வந்து சேர்வதற்குள் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது, வந்தவர்களுக்குக் காப்பி போய்க்கொண்டிருந்தது, என் தம்பி குழந்தைகள் அவள் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நம் வழக்கத்தில் சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை இருக்கிறது. தாய்மாமனுக்கு இருக்கிறது, அத்தைக்கு இருக்கிறது, சம்பந்திக்கு இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரிக்கு எதுவும் கிடையாது. அன்றைக்கு முறை உள்ளவர்கள் முறையைச் செய்தார்கள். முறை இல்லாத அவள் மற்றது எல்லாவற்றையும் செய்தாள்.

கொஞ்ச நாளில் தம்பி வீட்டை விற்றுவிட்டு வெளியூர் போனான். அவனுக்கும் வேறு வழி இல்லை. ஆடி வந்தது. என்னைக் கூப்பிட ஆள் இல்லை, போக வீடும் இல்லை. பெண்களுக்கு இந்த நிலைமை எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டிருக்கிற பெண்களுக்குத் தெரியும். பூச்சாட்டின அன்று போன் வந்தது. வருகிறாயா என்று அவள் கேட்கவில்லை. "எத்தனை மணி பஸ்ஸுக்குடி வர்ற?" என்றுதான் கேட்டாள். போனேன். திரும்பும்போது அம்மா செய்கிற மாதிரியே மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி, ஒரு டப்பாவில் முறுக்கு எல்லாம் வைத்து மடியில் கொடுத்தாள். அன்றிலிருந்து எனக்குத் தாய்வீடு அதுதான்.

என் மகள் கல்யாணம் வந்தபோது ஒன்று தீர்மானித்தேன். மேடையில் முறைக்காரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, வெற்றிலை பாக்கு தேங்காயோடு துணி வைத்துக் கொடுப்பார்கள் இல்லையா, அதில் தாய்மாமனுக்கு அடுத்து அவளைக் கூப்பிட வேண்டும் என்று சொன்னேன். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் குழப்பம். "அந்தம்மா நமக்கு என்ன முறை வேணும்? என்ன முறைன்னு சொல்லிக் கூப்பிடறது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பக்கத்து வீடு என்று சொல்லிக் கூப்பிடுங்கள் என்றேன். இரண்டு சித்தப்பாக்களுக்கு அது ஒப்பவில்லை, நான் விடவில்லை. மைக்கில் அப்படியே சொன்னார்கள்: "பொண்ணோட அம்மாவுக்குப் பக்கத்து வீடு, மேடைக்கு வரணும்."

அவள் நல்ல பட்டுப்புடவையில் ஏறி வந்து, தட்டை வாங்கிக்கொண்டு, என் மகள் நெற்றியில் குங்குமம் வைத்தாள். பிறகு என் பக்கம் குனிந்து சௌராஷ்டிரத்தில் கேட்டாள், தட்டில் இருக்கிற சேலை ஏன் அரக்கு, எனக்குப் பச்சை பிடிக்கும் என்று உனக்குத் தெரியாதா என்று. மறுவாரமே சேலத்துக்குப் போய் இரண்டு பேருமாகக் கடையில் உட்கார்ந்து பச்சையாக மாற்றிக்கொண்டு வந்தோம்.

நன்றி, வணக்கம்.