லீக் இல்லாத அணிகளும் ஒரே ஒரு ஆடுகளமும்

வணக்கம் நேயர்களே. அமெரிக்கக் கல்லூரிகளில் ஆண்கள் வாலிபால் ஜனவரியில் தொடங்கி மே மாதத்தில் முடியும். பெரும்பாலான அணிகள் கான்ஃபரன்ஸ் எனப்படும் ஏதாவதொரு லீக்கில் இருக்கும். பெரிய லீக் ஒன்றில் கோப்பையை வென்றால் தேசியப் போட்டிக்கு நேரடி இடம். எந்த லீக்கிலும் சேராத இண்டிபெண்டன்ட் அணிகளுக்கு அந்த வழி இல்லை. தேர்வுக்குழு கூப்பிட்டால்தான் உண்டு. 1970-இல் தொடங்கிய தேசியப் போட்டியில் 2013 வரை ஆண்டுக்கு ஆடியது நான்கே அணிகள். அதில் லீக் இல்லாத அணி நுழைவது குதிரைக்கொம்பு. அதனால்தான் சீசன் கடைசியில் இந்த அணிகள் தங்களுக்குள்ளேயே ஒரு போட்டி நடத்திக்கொள்கின்றன. அந்தப் பையன்களுக்குக் கோப்பை என்று ஒன்று வேண்டாமா?

பணம் பெரிதாக இருக்காது. கல்லூரி விளையாட்டின் உயர்மட்டமான முதல் டிவிஷனிலேயே ஓர் அணிக்கு நாலரை ஸ்காலர்ஷிப்தான் என்ற உச்சவரம்பு அண்மைக்காலம் வரை இருந்தது. அதைத் துண்டு போட்டுப் பல பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ஆகவே நான்கு அணி, இரண்டு நாள், ஒரே ஆடுகளம் என்று சிக்கனமாகத்தான் நடத்த முடியும். முதல் நாள் இரண்டு அரையிறுதி. மறுநாள் மூன்றாம் இடத்துக்கான ஆட்டமும் இறுதி ஆட்டமும்.

இங்கேதான் நான் எப்போதும் வலியுறுத்தும் விஷயம் வருகிறது: நேர அட்டவணை. நம் ஊரில் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் டோர்னமென்ட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நோட்டீஸில் ஏழு மணி என்று போட்டிருந்த ஆட்டம் ஒன்பதரைக்குத்தான் தொடங்கும். வாலிபாலுக்குக் கடிகாரம் கிடையாது, புள்ளிதான் கணக்கு. 25 புள்ளி செட் ஒன்றுக்குச் சுமார் 25 நிமிடம், நடுவே 3 நிமிட இடைவேளை. மூன்று நேர் செட்டில் முடிந்தால் 80 நிமிடம். ஐந்தாவது செட் வரை போனால், அது 15 புள்ளிதான் என்றாலும், இரண்டு மணி நேரம் தாண்டிவிடும். இரண்டு புள்ளி வித்தியாசம் வரும்வரை செட் முடியாது என்பதால் 30, 32 என்று இழுத்தால் இன்னும் கூடும்.

இரண்டாவது ஆட்டத்துக்கு 'ஆறு மணி' என்று மட்டும் எழுதினால் என்ன ஆகும்? வீரர்கள் ஐந்தரைக்கே உடம்பைச் சூடாக்கிவிட்டு முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். தோள் இறுகிவிடும். திரும்பவும் சூடேற்ற வேண்டும். முதல் செட்டில் சர்வீஸ் எல்லாம் நெட்டில் போய் விழும். ஆகவே 'ஆறு மணி, அல்லது முந்தைய ஆட்டம் முடிந்து 30 நிமிடம் கழித்து, எது பின்னதோ அது' என்று எழுத வேண்டும். திரும்பச் சொல்கிறேன்: எது பின்னதோ அது. அந்த 30 நிமிடத்தில் நெட் பயிற்சியும் அடங்கிவிடும்.

இன்னொன்று. போட்டியை நடத்தும் கல்லூரி, கூட்டம் வரும் என்று ராத்திரி ஆட்டத்தைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். சரிதான். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு ஜெயித்த அணி மறுநாள் பகல் பன்னிரண்டுக்கு இறுதி ஆட வந்தால் கால் எழும்பாது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தை முதலில் வைத்து, இறுதியைச் சாயங்காலத்துக்குத் தள்ளுவதே நியாயம். வெளியூர் அணிக்கு பஸ் கிளம்பும் நேரம் இடிக்குமே என்பார்கள். அப்படியானால் முதல் நாளை மத்தியானமே தொடங்குங்கள்.

நெட்டையும் மறந்துவிடக் கூடாது. ஆண்களுக்கு உயரம் 2.43 மீட்டர். நடுவில் அளக்க வேண்டும்; ஓரங்கள் 2 சென்டிமீட்டருக்கு மேல் கூடக் கூடாது, இரண்டு ஓரமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆட்டம் போகப் போக நெட் நடுவில் தொய்யும். காலையில் அளந்ததோடு விடாமல் ஆட்டத்துக்கு ஆட்டம் அளந்து கயிற்றை இறுக்குங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது. நாக் அவுட் இல்லாமல் எல்லோரும் எல்லோருடனும் ஆடினால் ஆறு ஆட்டம் ஆகும். அதில் மூன்று அணிகள் இரண்டிரண்டு வெற்றியோடு சமமாக நின்றால் எதை முதலில் பார்ப்பது, செட் விகிதமா, புள்ளி விகிதமா என்பதை முதல் பந்து போடும் முன்பே தாளில் எழுதி, நான்கு பயிற்சியாளர்களிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வணக்கம்.