குபூஸ் சிப்ஸ்: இந்த முறை நடுவிலும் மொறுமொறு

வணக்கம் மக்களே! கையில் கட்டன் சாயா இருக்கிறது, அப்படியென்றால் சமையல் வீடியோதான் என்று உங்களுக்கே தெரியும். நேற்று ஒரு பாக்கெட் பீட்டா சிப்ஸ் வாங்கினேன். 14 திர்ஹம்! பிரித்தால் பாதி காற்று. இதே சார்ஜாவில், எங்கள் தெருமுனை பக்காலாவில், அதாவது மளிகைக் கடையில், 5 குபூஸ் 2 திர்ஹம்தான். குபூஸ் என்றால் அரபு வட்ட ரொட்டி. அந்த சிப்ஸில் இருப்பது வேறு என்ன? ரொட்டியை வெட்டி, எண்ணெய் தடவி, மசாலா தூவிச் சுட்டிருக்கிறார்கள். வீடு வந்து சேரும்வரை எனக்கு மனசே ஆறவில்லை.

ஹம்முஸ் (கொண்டைக்கடலை விழுது) வீடியோவில் நான் சுட்ட சிப்ஸ் ஞாபகம் இருக்கிறதா? ஓரம் கருகி, நடுவில் சவசவ என்று இருந்தது. சூட்டைக் கூட்டிப் பாருங்கள் என்று நிறையப் பேர் சொன்னீர்கள். கூட்டினேன், இன்னும் சீக்கிரமாகக் கருகியதுதான் மிச்சம். கோளாறு சூட்டில் இல்லை. குபூஸ் வேகும்போது உள்ளே ஆவி சேர்ந்து பூரி மாதிரி உப்பும், மேல் தோலும் அடித்தோலும் தனித்தனியாகும். பிரிக்காமல் வெட்டிப்போட்டால் இரண்டுக்கும் நடுவில் ஈரம் மாட்டிக்கொள்கிறது.

அதனால் முதலில் பிரிக்க வேண்டும். கையால் பிய்த்தேன், கிழிந்தது. கத்தியை விட்டேன், ஒரு பக்கம் தடியாகவும் மறுபக்கம் ஓட்டையாகவும் வந்தது. கடைசியில் கத்தரிக்கோலால் விளிம்பை மட்டும் சுற்றி மெல்லிய நூல் மாதிரி நறுக்கினேன். இப்போது மேல் தோலைப் பிடித்து மெதுவாகத் தூக்குகிறேன், பாருங்கள்... வந்துவிட்டது! ஒரு கிழிசல் இல்லை. இருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் இன்னொன்றும் பிரித்துக் காட்டுகிறேன். 5 குபூஸில் 10 வட்டம், பத்தும் முழுசு! காலையிலிருந்து நான் இவ்வளவு சந்தோஷப்படவில்லை.

ஒவ்வொரு வட்டத்தையும் எட்டாக வெட்டினால் 80 துண்டு. சொரசொரப்பான உள்பக்கத்தில் ஆலிவ் எண்ணெயைப் பிரஷ்ஷால் லேசாகத் தடவுங்கள், ஊற்ற வேண்டாம். மேலே ஸாத்தர் என்ற அரபு மசாலாப் பொடி. காட்டு தைம் வகை இலை, எள், சுமாக் என்ற புளிப்புப் பொடி, உப்பு எல்லாம் அதிலேயே இருப்பதால், ருசி பார்த்துவிட்டு உப்பு போடுங்கள். கடை சிப்ஸில் வரும் அந்த சீஸ் பவுடர் எனக்கு ஆகவே ஆகாது, இந்த வீட்டுக்குள் அது வராது.

ட்ரேயில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, 180 டிகிரியில் 8 நிமிடம். அய்யோ, சொல்ல மறந்துவிட்டேன், ஓவனைப் பத்து நிமிடம் முன்பே சூடாக்கி வைத்திருக்க வேண்டும். நான் வைத்திருந்தேன், உங்களிடம்தான் சொல்லவில்லை. நாலாவது நிமிடத்தில் ட்ரேயைத் திருப்பி வையுங்கள், என் ஓவனில் பின்பக்கம் சூடு அதிகம். பூண்டுப் பொடி பிடிக்கும் என்றால் கடைசி இரண்டு நிமிடத்தில் தூவுங்கள். முதலிலேயே போட்டால் கருகிக் கசக்கும். அப்புறம் இன்னொன்று, குபூஸ் நேற்று வாங்கியதாக இருந்தால் இன்னும் நல்லது, கொஞ்சம் உலர்ந்திருக்கும்.

வெளியே எடுத்ததும் ஒரு சிட்டிகை சுமாக் கூடுதலாகத் தூவுகிறேன். ஒரு புதர்ச்செடியின் புளிப்பான சிவப்புப் பழத்தைக் காயவைத்துப் பொடித்தது இது. லெபனான்காரர்கள் ஃபத்தூஷ் சாலட்டில் மொறுமொறு ரொட்டியோடு இதைத்தான் சேர்க்கிறார்கள். எலுமிச்சையை விட எனக்கு இந்தப் புளிப்புதான் உயிர்.

சூடாக இருக்கும்போது கொஞ்சம் வளைந்தால் பயப்பட வேண்டாம், ஆறினால் இறுகிவிடும். நன்றாக ஆறும்வரை டப்பாவில் போட்டு மூடாதீர்கள், வியர்த்து நமுத்துவிடும்.

சரி, ஆறிவிட்டது. ஓரத்துத் துண்டு வேண்டாம், நடுவில் இருந்து எடுக்கிறேன். மைக் பக்கத்தில் வைத்து உடைக்கிறேன், கேளுங்கள்... கேட்டதா? இன்னொரு தடவை!