பலகையும் கரையும்

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவன் நான். ஒருநாள், சிறுவன் ஒருவன் 'பேங்க்' மீது உட்கார்ந்து மீன் பிடித்ததாக வரும் ஆங்கில வரியைத் தமிழாக்கச் சொன்னேன். மாணவி ஒருத்தி, 'வங்கியில் உட்கார்ந்து மீன் பிடித்தான்' என்று எழுதியிருந்தாள். அந்த வரியில் பேங்க் என்றால் ஆற்றங்கரை. வகுப்பு சிரித்தது. எனக்கு வருத்தமாக இருந்தது. அவள் அறிந்த பேங்க், அம்மா நகையை அடகு வைக்கும் இடம் ஒன்றுதான். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று பழக்கியவர்கள் நாங்கள்.

பணம் புழங்கும் பேங்க், இத்தாலிய மொழியின் 'பாங்கா' என்ற சொல்லிலிருந்து வந்தது. பாங்கா என்றால் பலகை. நாணயம் மாற்றுவோர் அதன்மேல் காசைப் பரப்பித் தொழில் செய்தார்கள். செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ரங்கூனிலும் சிங்கப்பூரிலும் கிட்டங்கி என்ற தொழில் விடுதிகளில் நம்மவர்கள் தரையில் அமர்ந்து, முன்னால் ஒரு மரப்பெட்டியை வைத்துக்கொண்டே கொடுக்கல் வாங்கல் நடத்தினார்கள். தொழில் பழக வந்தவனுக்குப் பெட்டியடிப் பையன் என்றே பெயர். அந்த மரபில் வந்த எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒருசேரத் திறந்தது.

நொடித்துப் போனவரை ஆங்கிலத்தில் 'பேங்க்ரப்ட்' என்பார்கள். உடைந்த பலகை என்பது அதன் வேர்ப்பொருள். நாம் மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டார் என்கிறோம்.

ஆற்றங்கரையைக் குறிக்கும் பேங்க் வேறு வழியாக, ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து வந்தது. ஆனாலும் பழைய ஜெர்மானிய வேர் ஒன்றில் இரண்டும் சேர்கின்றன. உட்காரும் பலகையும் மேடு, நீரோரத்து மண்ணும் மேடு. விமானம் ஒருபுறம் சாய்ந்து திரும்புவதும் பேங்க். ஒருவரை நம்பியிருப்பதும் பேங்க்.

நம் 'கரை'யைப் பாருங்கள். கண்மாய்க்கும் கரை, கண்டாங்கிச் சேலைக்கும் கரை. பாலில் சர்க்கரை கரைகிறது, முற்றத்தில் காகம் கரைகிறது. எந்தப் பிள்ளையும் குழம்புவதில்லை, பக்கத்துச் சொல் வழிகாட்டிவிடுகிறது. அந்த வரியில் மீன் இருந்ததே, அதைப் பிடித்துக்கொள் என்று அவளுக்குச் சொன்னேன்.

மறுநாள் அவளே கேட்டாள்: "சார், நம் ஊர்க் கண்மாய்க்கரையும் பேங்க்தானா?"

எவ்வளவு நல்ல கேள்வி! ஆற்றின் கரை தானாக அமைந்தது; கண்மாய்க்கரை ஊரார் மண் சுமந்து போட்டது. நம் நாட்டு ஆங்கிலத்தில் அதை 'பண்ட்' என்பார்கள், பாரசீகத்திலிருந்து வந்த சொல் என்றேன். அவள் நோட்டில் இரண்டு சொல்லையும் எழுதி, ஒன்றின் கீழே ஆற்றையும் மற்றொன்றின் கீழே எங்கள் கண்மாயையும் வரைந்து கொண்டுவந்து காட்டினாள்.