பழைய கீபோட்டை எந்த நேரத்தில் மூடி வைப்பது?

வணக்கம் நேயர்களே.

வன்னியில் ஒரு கீபோட்டுக்கு வருடத்தில் இரண்டு பருவம். வைகாசி முதல் ஆவணி வரை சூடான, வறண்ட கச்சான் காற்று. தகரக் கூரைக்குக் கீழே அலுமாரியின் உச்சித்தட்டில் கை வைக்க முடியாது. ஐப்பசி பிறந்தால் மார்கழி முடியும்வரை மழை, உப்புப் போத்தலே கசியும். 1981 இல் வந்த ஐபிஎம் மொடல் எஃப், 1985 இல் வந்த மொடல் எம், கீகளுக்கு அடியில் செரி நிறுவனத்தின் சுவிற்ச் பூட்டிய பழைய கீபோட்டுகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுத்தான் கெடுகின்றன. கெட்டுப்போனால் அந்தப் பழைய கீபோட்டே திரும்பக் கிடைக்காது. அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கீபோட்டைப் பெட்டியில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடினால் போதும் என்று நினைப்பதுதான் பெரிய பிழை. மழைக்கு முந்திய புழுக்கமான பகலில் 33 பாகை வெப்பமும் 70 வீத ஈரப்பதனும் இருக்கும்போது பெட்டியை மூடினால், உள்ளே அடைபட்ட காற்று 27 பாகைக்கு இறங்கும்போதே நீர்த்துளி கட்டத் தொடங்கிவிடும். அந்தக் காற்றில் உள்ள நீர் சொற்பம்தான். 30 லீற்றர் பெட்டியில் ஒரு கிராமும் வராது. ஆனால் கூடவே சுற்றி வைத்த 200 கிராம் பருத்தித் துணி ஏறக்குறைய 15 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். காலையில் பெட்டியும் துணியும் முதலில் சூடாகும். உள்ளே இருக்கும் இரும்புத் தகடு பிந்தித்தான் சூடேறும். துணி கக்கிய நீர் அந்தக் குளிர்ந்த தகட்டில் போய்ப் படியும். துரு அங்கேதான் பிடிக்கிறது.

ஆகவே பெட்டியை மூட நல்ல காலம் ஆடி, ஆவணி. நல்ல நேரம் பிற்பகல் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில். கஞ்சி போடாத பழைய வேட்டித் துணியை அன்று காலையிலிருந்து வெயிலில் காயவிட்டு, சுடச்சுட அல்லாமல் நிழலில் ஆறியதும் உடனே சுற்றுங்கள். கீபோட்டை மட்டும் வெயிலில் வைக்கவே கூடாது. கீபோட்டில் இருக்கும் ஏபிஎஸ் என்ற வகைப் பிளாஸ்ரிக் மஞ்சளாகும், நீண்ட ஸ்பேஸ் பார் வளைந்துவிடும்.

மூடுவதற்கு முன் கீ மூடிகளைக் கம்பிக் கொக்கியால் நேராக மேலே இழுத்துக் கழற்றி, இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் சோப்புக் கலந்து கழுவுங்கள். இரண்டு நாள் நிழலில் காயட்டும். விரல் வியர்வையின் உப்பு ஈரத்தை இழுக்கும். முல்லைத்தீவுக் கரையோர வீடுகளில் கடற்காற்றின் உப்பும் சேரும். கீபோட்டின் உடலைக் காய்ந்த தூரிகையால் மட்டும் தட்டுங்கள். மொடல் எம்முக்குள் நீர் போனால் இரண்டு மெல்லிய பிளாஸ்ரிக் தாள்களுக்கு நடுவில் தங்கி, அச்சிட்ட மின்பாதையை அரித்துவிடும். கீகளில் பாமினி முறைத் தமிழ் எழுத்து ஒட்டியிருந்தால் வெப்பத்தில் அதன் பசை இளகி வழியும், முன்னரே உரித்துவிடுங்கள். நகப்பூச்சு நீக்கும் அசெற்றோன் தொடவே வேண்டாம், ஏபிஎஸ் கரைந்துவிடும்.

வயரைக் கீபோட்டின் உடலில் சுற்றாதீர்கள். வயரின் பிவிசி உறையில் இருக்கும் மென்மையாக்கி வெப்பத்தில் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்ரிக்கில் குழி விழுத்தும். தளர்ந்த வளையமாக மடித்து, தனித் துணியில் பொதியுங்கள்.

பெட்டி பொலிபுரொப்பிலீன் பிளாஸ்ரிக்காக இருக்கட்டும், மூடியில் றப்பர் வளையம் வேண்டும். காட்போட் பெட்டி கறையானுக்கும் ஈரத்துக்கும் விருந்து. பிளாஸ்ரிக் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் 200 கிராமும், சிறிய ஈரப்பதன் மானியும். 40 முதல் 50 வீதம் காட்டினால் நல்லது, 60 தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள். ஆரஞ்சு மணி பச்சையானாலும் அது நிரம்பிவிட்டதென்றே பொருள். 110 முதல் 120 பாகையில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் திரும்ப உதவும். நீல மணியில் கோபால்ற் உப்பு உண்டு. சமையல் பாத்திரத்தில் அதை வறுக்கக் கூடாது. அரிசி போடுவது வீண், அது வண்டையும் மாவுத்தூசியையும்தான் கொண்டு வரும். பூச்சி உருண்டை அதைவிட மோசம், அதன் ஆவி சில பிளாஸ்ரிக்குகளை இளக்கும்.

மொடல் எஃப்பின் தகடுகளுக்கு நடுவில் உள்ள பஞ்சு வேறு கதை. ஈரம் அதன் இரசாயனப் பிணைப்பையே உடைப்பதால் நாளடைவில் பிசுபிசுத்துத் தூளாகும். காய்ந்த பெட்டி அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. மாற்றுப் பஞ்சு ஒன்று வெட்டி வைத்திருப்பது நல்லது.

பெட்டியை வாங்கின்மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, வீட்டின் உள்ளறையில் வையுங்கள். கீகள் மேலே பார்க்கட்டும், ஒன்றின்மேல் ஒன்று அடுக்க வேண்டாம். சில கீபோட்டுகளில் கீகளுக்கு அடியில் றப்பர் குமிழ் இருக்கும், அழுந்தினால் அது பழைய நிலைக்கு வராது. மொடல் எம்மின் அடியில் பிளாஸ்ரிக் ஆணிகள் உண்டு, பாரம் தாங்காமல் ஒவ்வொன்றாக உடையும்.

தைப்பொங்கல் கழிந்து மழை விட்டதும், காய்ந்த பகல் ஒன்றில் திறந்து பாருங்கள். ஏசி அறையில் இருந்த பெட்டியென்றால் வெளியில் கொண்டுவந்து ஐந்தாறு மணி நேரம் மூடியபடியே விடுங்கள். குளிர்ந்த இரும்பில் வெளிக்காற்று பட்டால் உடனே வியர்க்கும். பிறகு ஒவ்வொரு கீயையும் பத்துத் தரம் அழுத்தி, மானியைப் பார்த்து, அன்று பிற்பகலிலேயே மூடிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.