பிராசஸர் மாற்றினால் எவ்வளவு வேகம் கூடும்?

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

குன்னூர், கோத்தகிரி, உதகை என்று மலை முழுக்கச் சுற்றிக் கணினி பழுது பார்ப்பது என் தொழில். கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆன டெஸ்க்டாப்ணா, ரொம்ப இழுக்குது. பிராசஸர் மட்டும் மாத்தினா போதுமா, இல்ல புதுசே வாங்கிரணுமா?" பிராசஸர் என்பது கணினிக்குள் கணக்குப் போடுகிற மூளை.

பச்சைத் தேயிலை விலையைப் பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிற வீடுகள் நம்முடையவை. புதுக் கணினிக்கு முப்பது, நாற்பதாயிரம் என்பது சாதாரணத் தொகை இல்லை. அதே சமயம், பழைய பெட்டிக்குள் ஒரு பாகத்தை மாற்றிவிட்டு, "ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே" என்று நிற்பதும் நட்டம்தான். ஆகவே வாங்குவதற்கு முன்னால் அளந்து பார்க்க வேண்டும். எதை அளப்பது, எப்படி அளப்பது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தம்பி கல்யாண வீடியோ, திருவிழா வீடியோ எடுக்கிறார். பேரகணி ஹெத்தையம்மன் திருவிழா நாட்களில் எடுத்த காட்சிகளை வெட்டி ஒட்டிப் படுகுப் பாட்டோடு சேர்த்துக் கொடுப்பார். அவரிடம் இருந்தது இன்டெல் ஐ3-2100 போட்ட கணினி. 2011-இல் வந்த பிராசஸர் அது. இரண்டு கோர், அதாவது கணக்குப் போடுகிற இரண்டு பகுதி. வேகம் 3.1 கிகாஹெர்ட்ஸ். எல்லாப் பாகங்களையும் இணைக்கிற பலகையான மதர்போர்டு எச்61 வகை. தற்காலிக நினைவகமான ரேம் 4 ஜிபி, கோப்புகளைச் சேமிக்கப் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். அந்த மதர்போர்டில் பிராசஸர் உட்காருகிற 1155 என்ற சாக்கெட் இருக்கிறது. அதே சாக்கெட்டில் அடுத்த ஆண்டு, 2012-இல் வந்த ஐ7-3770-உம் உட்காரும். அதில் நான்கு கோர், எட்டுத் திரெட். திரெட் என்பது ஒரே நேரத்தில் ஓடக்கூடிய ஒரு வேலை வரிசை. தேவைப்படும்போது 3.9 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் தானே வேகம் ஏற்றிக்கொள்ளும். பெரிய அலுவலகங்கள் கழித்துப்போட்ட கணினிகளிலிருந்து கழற்றிய இந்தப் பிராசஸர்கள், கோவையிலும் சென்னை ரிச்சி தெருவிலும் பழைய பொருள் விலைக்குக் கிடைக்கின்றன. பிராசஸர் என்பது ஹார்ட் டிஸ்க் போலத் தேய்கிற பொருள் இல்லை. ஒழுங்காக வைத்திருந்தால் பழையது என்பதால் மட்டும் பயப்பட வேண்டியதில்லை.

அந்தத் தம்பியிடம் நான் முதலில் கேட்டது, "நீங்க உட்கார்ந்து காத்திருக்கிற நேரம் எதுல போகுது?" என்பதுதான். கணினி காத்திருக்க வைப்பதற்குக் காரணம் பல. பிராசஸர் கணக்குப் போட்டு முடிக்கவில்லை என்று காத்திருக்கலாம். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கோப்பு வரவில்லை என்று பிராசஸரே சும்மா காத்திருக்கலாம். ரேம் நிரம்பி வழிந்து, மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுத்துக்கொண்டிருக்கலாம். இணையமே மெதுவாக இருக்கலாம். இந்த நான்கில் முதல் காரணத்துக்கு மட்டும்தான் பிராசஸர் மருந்து.

இதைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். நீங்கள் வழக்கமாகச் செய்கிற வேலையைத் தொடங்கிவிட்டு, கணினி இழுக்கிற அந்த நேரத்தில் அதைப் பாருங்கள். பிராசஸரைக் குறிக்கிற சிபியு என்ற வரியில் நூறு சதவீதத்தை ஒட்டி நின்றால் பிராசஸர் திணறுகிறது. டிஸ்க் வரி நூறில் நின்று, சிபியு பத்து இருபதில் கிடந்தால் பிராசஸரை மாற்றிப் பயனில்லை. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நான்கு திரெட் உள்ள பிராசஸரில் சிபியு இருபத்தைந்து சதவீதத்திலேயே அசையாமல் நின்றால், ஒரே ஒரு திரெட் முழு மூச்சாக ஓடுகிறது, மற்றவை சும்மா இருக்கின்றன என்று அர்த்தம். அந்த வேலைக்குக் கோர் எண்ணிக்கை கூடி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒவ்வொரு கோரின் வேகமும் கூடினால்தான் பலன்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு உண்டு. ஜீன் ஆம்டால் என்ற கணினி வல்லுநர் 1967-இல் எடுத்துச் சொன்னது. ஒரு வேலைக்கு நூறு நிமிடம் ஆகிறது. அதில் ஐம்பது நிமிட வேலையைப் பலருக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கலாம், மீதி ஐம்பதை ஒருவர்தான் வரிசையாகச் செய்தாக வேண்டும் என்று வையுங்கள். ஆயிரம் கோர் போட்டாலும் அந்த ஐம்பது நிமிடம் அப்படியே நிற்கும். மொத்த வேகம் இரண்டு மடங்கைத் தாண்டவே தாண்டாது. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால், விளம்பரத்தில் எட்டுக் கோர், பத்துக் கோர் என்று சொல்லும்போது உங்கள் வேலையில் எவ்வளவு பங்கு பிரிகிற வேலை என்று யோசிக்கத் தோன்றும்.

இனி சோதனைக்கு வருகிறேன். சோதனையில் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். பிராசஸர், ரேம், டிஸ்க் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தத் தம்பியின் கணினியில் ரேமையும் டிஸ்க்கையும் தொடாமல் விட்டோம். விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைத்தோம். பாதியில் அது பின்னால் ஓட ஆரம்பித்தால் கணக்கெல்லாம் கெட்டுப்போகும். ஒரே வீடியோக் கோப்பு, ஒரே அமைப்பு. ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப ஓட்டி நடுவில் வருகிற நேரத்தை எடுத்துக்கொண்டோம். முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கோப்பு அப்போதுதான் டிஸ்க்கிலிருந்து ரேமுக்கு வரும், அதனால் நேரம் கூடிக் காட்டும்.

பிராசஸரைக் கழற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். எச்61 போர்டுகள் பல, ஐ7-3770 சந்தைக்கு வருவதற்கு முன்னால் செய்தவை. அந்தப் பிராசஸரை அவற்றுக்கு அடையாளம் தெரியாது. பயாஸ் என்கிற அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்தால்தான் தெரியும். அதைப் பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே செய்துவிட வேண்டும். புதியதைப் போட்ட பிறகு திரையே வராது. வராத திரையில் எதைப் புதுப்பிப்பது? போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் போர்டின் எண்ணுக்கு உரிய கோப்பை மட்டும் எடுத்துப் பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். பயாஸ் எழுதிக்கொண்டிருக்கிற அந்தச் சில நிமிடங்களில் கரண்ட் போனால் மதர்போர்டே போய்விடலாம். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் காற்றும் மழையுமாக அடிக்கும்போது, ஒரு கற்பூர மரக்கிளை கம்பியில் விழுந்தால் போதும், ஊரே இருட்டு. ஆகவே பேட்டரி நன்றாக இருக்கிற யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் கை வைக்காதீர்கள். மழை இல்லாத நாளாகப் பார்த்துச் செய்வது இன்னும் நல்லது.

பிறகு மாற்றும் வேலை. இந்த வகையில் ஊசிகள் பிராசஸரில் இல்லை, மதர்போர்டில் இருக்கின்றன. 1155 ஊசிகள், ஒவ்வொன்றும் தலைமயிர் கனத்தில். மூடியைத் தூக்கியதும் செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். எல்லா ஊசி முனையும் ஒரே வரிசையாக மின்ன வேண்டும். ஏதாவது ஒன்று வளைந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் மினுக்கம் மாறித் தெரியும். பிராசஸரின் விளிம்பில் இரண்டு சிறு வெட்டுகள் இருக்கும், சாக்கெட்டில் அதற்கேற்ற மேடுகள் இருக்கும். இரண்டையும் பொருத்தி மெல்ல வைத்தால் தானே உட்காரும், அழுத்தவே கூடாது. பிறகு நெம்புகோலை இறக்கும்போது கரகரவென்று ஒரு சத்தம் வரும், கொஞ்சம் பலமும் தேவைப்படும். அது இயல்பான சத்தம்தான். மேலே, சூட்டைக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட் ஒரு மிளகு அளவு போதும். சூட்டை இழுத்து வெளியேற்றுகிற ஹீட் சிங்க்கின் நான்கு கால்களையும் குறுக்குக் குறுக்காக அழுத்திப் பூட்டிவிட்டு, போர்டின் பின்புறத்தைத் திருப்பி நான்கும் முழுதாக வெளியே வந்திருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். ஒரு கால் தூக்கிக்கொண்டிருந்தாலும் சூடு ஏறி, பிராசஸர் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும்.

சூட்டைப் பற்றிப் பேசும்போது நம் மலைக்கே உரிய ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அது தள்ளுகிற காற்றின் எடை குறைவு, அது அள்ளிக்கொண்டு போகிற சூடும் குறைவு. ஆனால் அறை குளிராக இருப்பதால் அந்தக் குறை நமக்கு ஈடாகிவிடுகிறது. சமவெளியில் முப்பத்தைந்து டிகிரி அறையில் கிடக்கிற கணினிக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. இருந்தாலும் ஐ3-உடன் வந்த சின்ன அலுமினிய ஹீட் சிங்க்கை ஐ7-க்கும் அப்படியே போட்டுவிடாதீர்கள். ஐ3 65 வாட் பிராசஸர், ஐ7-3770 77 வாட். நடுவில் செம்பு வைத்த ஹீட் சிங்க்கைக் கேட்டு வாங்குங்கள். நாங்கள் வீடியோ ஓடும்போது வெப்பத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தோம். செம்பு வைத்ததில் எழுபது டிகிரியை ஒட்டி நின்றது. நூறு டிகிரியை நெருங்கினால் பிராசஸர் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். அப்புறம் சோதனை முடிவுக்கு அர்த்தமில்லை. பழையதை விடியற்காலைக் குளிரிலும் புதியதை மத்தியானத்திலும் ஓட்டினாலும் ஒப்பிட முடியாது. இரண்டையும் ஒரே வேளையில் ஓட்டுங்கள்.

இன்னொன்று. உறைபனிக் காலத்தில் இரவெல்லாம் குளிரில் கிடந்த கணினியை அடுப்பனல் இருக்கிற அறைக்குத் தூக்கி வந்தால், உள்ளே பனித்துளி படியும். உடனே சுவிட்ச் போடாதீர்கள். ஒரு மணி நேரமாவது போகட்டும்.

சரி, முடிவு என்ன? வீடியோ வேலையில் பலன் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. ஐ3-இல் நாற்பது நிமிடத்துக்குச் சற்று மேல் எடுத்த கோப்பு, ஐ7-இல் பதினெட்டு நிமிடத்துக்குள் முடிந்தது. வீடியோவைப் பங்கு பிரித்து எல்லாக் கோர்களுக்கும் கொடுக்கலாம் என்பதால் வந்த பலன் அது. ஒரு பெரிய கணக்குத் தாளைத் திரும்பக் கணக்கிடச் சொன்னபோது, ஒரு நிமிடம் எடுத்தது முக்கால் நிமிடமாயிற்று. அது ஒரே கோரில் ஓடுகிற வேலை, 3.1-க்கும் 3.9-க்கும் உள்ள வித்தியாசம்தான் அங்கே கிடைத்தது. பொத்தானை அழுத்தியதிலிருந்து விண்டோஸ் தயாராகும் நேரமோ, சில நொடிகளைத் தவிர மாறவே இல்லை. பிரவுசர் திறப்பதும் அப்படித்தான்.

இது ஏன் என்று பாருங்கள். சாதாரண ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது நொடிக்கு 120 சுற்று. வேண்டிய இடம் சுழன்று வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று, 4 மில்லிநொடிக்குமேல். அதோடு தரவைப் படிக்கிற முள் நகர்கிற நேரமும் சேர்ந்தால் ஒரு சிறு கோப்பைத் தேடிப் பிடிக்கப் பத்து மில்லிநொடிக்கு மேல் ஆகிறது. விண்டோஸ் தொடங்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் தேடல்கள். எவ்வளவு வேகமான பிராசஸரும் அங்கே கை கட்டி நிற்கத்தான் வேண்டும். சில்லுகளில் தரவைச் சேமிக்கிற எஸ்எஸ்டி-யில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. அடுத்த சுற்றில் எஸ்எஸ்டி போட்டோம். ஒன்றரை நிமிடம் ஆன தொடக்கம் அரை நிமிடத்துக்குள் வந்தது. டிஸ்க்கைப் பொருத்துகிற எச்61 போர்டின் சாட்டா இணைப்பு நொடிக்கு 300 மெகாபைட்டைத் தாண்டாது. புது எஸ்எஸ்டி-யின் முழு வேகம் அதில் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனாலும் இந்தச் சின்னத் தேடல்களுக்கு அது தாராளம்.

அதனால்தான் எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல மறுக்கிறேன். இணையத்தில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற கடை வைத்திருக்கிற ஒரு அக்கா, ஐ7 வேண்டும் என்று வந்தார்கள். அவர்கள் கணினியில் சிபியு பதினைந்தைத் தாண்டவே இல்லை. ரேம் 4 ஜிபி-யும் நிரம்பி டிஸ்க் நூறில் நின்றது. "அக்கா, பிராசஸர் வேண்டாம், எட்டு ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டி-யும் போதும்" என்றேன். எச்61-இல் ரேமுக்குப் பெரும்பாலும் இரண்டே இடம்தான். ஆகையால் 4 ஜிபி வீதம் இரண்டு போட்டால், பிராசஸருக்கும் ரேமுக்கும் நடுவில் இருக்கிற இரண்டு வழியிலும் தரவு ஓடும். மாணவர்களும் கணக்கு எழுதுகிறவர்களும் இதே வழியில் போகலாம். வீடியோ, பெரிய படங்கள், நிரல் தொகுக்கிற வேலை, இவை செய்கிறவர்கள்தான் பிராசஸருக்குக் காசு போடத் தகுந்தவர்கள்.

வாங்கும் முன் இன்னும் இரண்டைப் பாருங்கள். சாக்கெட் எண் ஒன்றாக இருந்தாலே போதும் என்று நினைக்க வேண்டாம். 1151 என்ற பெயரில் 2015-இல் ஒரு சாக்கெட் வந்தது. 2017-இல் வந்த எட்டாம் தலைமுறைப் பிராசஸருக்கும் அதே பெயர்தான், ஆனால் பழைய போர்டில் அது ஓடாது. போர்டு நிறுவனம் வெளியிட்டிருக்கிற பட்டியலில் அந்தப் பிராசஸரின் எண் இருந்தால்தான் வாங்கலாம். அடுத்தது, விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையையும் அதற்குப் பிந்தியதையும்தான் கேட்கிறது. ஐ7-3770 மூன்றாம் தலைமுறை. எவ்வளவு வேகம் கூடினாலும் அந்தக் கதவு திறக்காது. வங்கிக் கணக்கு, பணப் பரிமாற்றம் எல்லாம் அந்தக் கணினியில் செய்கிறவர்கள், விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸுக்கு மாறிக்கொள்ளுங்கள். நல்ல லினக்ஸ்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, தமிழ்த் தட்டச்சும் அதில் சுலபம். வீடியோ வேலைக்கு மட்டும் இணையத் தொடர்பில்லாமல் வைத்துக்கொள்கிறவர்களுக்கு இதில் கவலையில்லை. அந்தத் தம்பி அப்படித்தான் வைத்திருக்கிறார்.

கடைசியாக, கழற்றிய பழைய பிராசஸரைத் தூக்கி எறியாதீர்கள். புதியது வந்த பிளாஸ்டிக் கூட்டிலேயே அதை வைத்து மூடி, மேலே எண்ணை எழுதிப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு உங்கள் மதர்போர்டு போய், அதே வகையில் பழைய போர்டு ஒன்று வாங்க நேர்ந்தால், அதன் பயாஸைப் புதுப்பிக்க அந்த ஐ3-தான் வேண்டியிருக்கும்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும், கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.