தப்பும் பைலாவும் கலந்தா கேட்பாங்களா?

இலங்கை மலையகத்துத் தலவாக்கலையில இருந்து ஒரு தம்பி, நம்ம தோல் மேளமான தப்பையும் இலங்கை ஆட்டப் பாட்டான பைலாவையும் பத்தி கேட்டிருக்காரு: "தப்பையும் பைலாவையும் சேர்த்து பாட்டு போட்டா சனம் கேட்குமா, இல்ல போட்ட காசு போயிருமா?"

கேட்கும் தம்பி. ஆனா "கலப்பு இசை"ன்னு தேடிக்கிட்டு யாரும் வர்றதில்ல, ஆடத்தான் வர்றாங்க. கல்யாண வீடு, தோட்டத்துத் திருவிழா, ஏப்ரல்ல நுவரெலியா சீசன். சீசன் மேடைக்கு முன்னால தமிழ் ஆளும் சிங்கள ஆளும் ஒண்ணாத்தான் நிக்கிறாங்க, ரெண்டு பேரு காலுக்கும் பழகின தாளம் வேணும். பைலா ஆறுக்கு எட்டு (6/8) தாளத்துல போகுது. தப்புலயும் திஸ்ரத்துல, அதாவது மூணு மூணா எண்ணிப் போற அடி நிறைய இருக்கு, அது தானா ஒட்டும். நாலு நாலா எண்ணுற சதுஸ்ர அடிய அது மேல ஏத்தினா ஆடுறவங்க கால் தடுமாறி உட்கார்ந்துருவாங்க.

இத கட்டாயம் கவனிங்க. தப்புல பிரட்டுக்கு (தோட்டத்துல காலையில வேலைக்கு ஆள் கூட்டுறது) ஒரு அடி, காமன் கூத்துக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி. கீபோர்ட் வாசிக்கிறவருக்குப் பிடிச்சுப்போனது சாவு அடியா இருந்துச்சுன்னா, எந்தக் கல்யாண வீட்டுலயும் அந்தப் பாட்ட போட விடமாட்டாங்க. அதனால தப்படிக்கிற பெரியவர மெட்டுப் போடுற அன்னைக்கே பக்கத்துல உட்கார வைங்க. பாட்டுல அவரு பேரும் வரணும், கைக்குச் சம்பளமும் போகணும்.

ரெக்கோடிங்ல கெடுக்கிறது நம்ம ஊரு பனி. ஈரத்துக்குத் தோல் தளர்ந்து, "ணங்"னு கேட்க வேண்டியது "தொப்"னு விழும், கீபோர்ட் சுருதியோட சேராது. நெருப்புல காய்ச்சின கையோட தப்ப முதல்ல எடுத்துருங்க. ஒவ்வொரு டேக்குக்கு முன்னாலயும் ஒரு தட்டு தட்டிப் பாருங்க, இறங்கியிருந்தா மறுபடி காய்ச்சுங்க. மைக்க ஒரு அடி தள்ளி, கொஞ்சம் சாய்ச்சு வைங்க. நேரா வச்சா குச்சிச் சத்தம் மட்டும் தெறிக்கும்.

முழுப் பாட்டுக்கும் செலவழிக்க முன்னால 30 செகண்ட் துண்டு ஒண்ணு போட்டு, யூடியூப் ஸ்டூடியோவுல ஆளுங்க எந்த இடத்துல விலகுறாங்கன்னு பாருங்க. தப்பு வர்றதுக்கு முந்தியே போறாங்கன்னா உங்க ஆரம்பம் நீளம். தப்பு நுழையிற இடத்துல போறாங்கன்னா தாளம் ஒட்டல, இல்ல சத்தம் கூட.

யூடியூப் விளம்பரக் காசு உடனே வராது. 1000 சந்தாதாரரும், 12 மாசத்துல 4000 மணி நேரப் பார்வையும் (இல்லன்னா 90 நாள்ல ஒரு கோடி ஷோர்ட்ஸ் பார்வையும்) வேணும். முதல் காசு மேடையிலதான், அதனால நாலு பேரு வாசிக்கிற மாதிரியே பாட்ட கட்டுங்க.